முட்டி வலி நாட்கள்

ஜனவரி 6

ஏறிப் போய்விடுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை. மாடிப்படியில் கால் வைத்ததும் வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால் ஒரு குத்தல். தேவகோட்டை வரை பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து போனாலும் அதே கதை. வீக்கம் இல்லை. ஸ்கேன் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்று பிசியோ மேடம் சொல்லிவிட்டார். சில்லு தொடை எலும்பின் மேல் ஏறி இறங்கும் இடத்தில் சுமை கூடிவிட்டதாம். சைக்கிள்காரர்களுக்கு இது ரொம்ப சகஜம் என்றார். சகஜம் என்றால் வலி குறையுமா?

ஜனவரி 7

சைக்கிள் ஓட்டி ஓட்டி மரத்துப்போன கைச் சுண்டுவிரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 9

அப்பத்தா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "சுளுக்குய்யா, வழிச்சுவிட்டாச் சரியாப் போயிரும்." காலை நீட்டிக் கொடுத்தேன். வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 11

மேடம் சைக்கிளையே கொண்டுவரச் சொல்லியிருந்தார். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார வைத்து, பெடல் அடியில் நிற்கும்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். 40 டிகிரியைத் தாண்டியது. 25க்கும் 35க்கும் நடுவில் இருந்தால் போதுமாம். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி கூடுதலாக மடங்கும். மடங்கின காலால் அழுத்தி மிதித்தால் பாரமெல்லாம் சில்லின் மேல்தான். ரொம்ப உயர்த்தினாலும் ஆபத்து, வலி முட்டிக்குப் பின்பக்கம் போகும், இடுப்பு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும்.

கடையில் கொடுத்த உயரம் இது. செருப்பு வாங்கப் போனால்கூடக் காலைப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறார்கள். இவ்வளவு விலை போட்டு விற்கிற சைக்கிளுக்கு ஒரு சாவியால் சீட்டை ஏற்றித் தர ஆள் இல்லையா? திரும்பி வரும் வழியெல்லாம் இதே கோபம். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் தோராயக் கணக்கு. ஒரு நிமிட வேலை.

ஜனவரி 12

வளவில் ஆத்தங்குடிக் கல் தரை, அதன் மேல் பாய். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை நசுக்குகிற மாதிரி காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கத் தசை திரண்டு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறேன். இடது காலில் கல் மாதிரி எழும்புகிறது. வலதில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, தொடையில் ரப்பர் பட்டை மாட்டி, மேல் முட்டியை மட்டும் விரிப்பது. பிட்டத்தின் பக்கவாட்டில் எரிகிறது. அந்தத் தசை தளர்ந்தால் மிதிக்கும்போது முட்டி உள்ளே சாயுமாம். வலிக்கிற இடம் ஒன்று, வேலை செய்ய வேண்டிய இடம் இன்னொன்று.

ஜனவரி 15

பொங்கல். வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு வைத்தியம்.

ஜனவரி 18

சட்டைப் பித்தான் ஒழுங்காகப் போட முடிந்தது! சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஹேண்டில்பாரோடு நசுங்குகிறது. முழங்கையைச் சற்று மடக்க வேண்டும், பிடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மணிக்கட்டை வளைக்கக் கூடாது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பின் எடை கைக்கு இறங்கிவிடும். அதையும் மட்டமாக்கியாயிற்று.

ஜனவரி 23

பழனிக்கு நடக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். காவடியோடு, வெறுங்காலோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமையாக இருந்தது.

ஜனவரி 27

ஓட்டலாம்! சமதரை, லேசான கியர், நிமிடத்துக்கு 80 சுற்று, எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. கோவிலூர் வரை போனேன். பத்துக்கு இரண்டு வலி. மூன்று வரை விடலாம், மறுநாள் காலையில் ஏறியிருந்தால் தூரத்தைக் குறைக்க வேண்டும். அதனால் இன்றைக்கு எதையும் கொண்டாடுவதாக இல்லை.

ஜனவரி 28

வலி ஏறவில்லை.

ஜனவரி 30

குன்றக்குடி ரோட்டில் எப்போது ஓட்டலாம் என்று மேடத்திடம் கேட்டேன். பதில் சொல்லாமல், கண்ணாடி முன்னால் ஒற்றைக்காலில் படியிறங்கிக் காட்டச் சொன்னார். முட்டி உள்ளே சாய்ந்ததை நானே பார்த்தேன். தசை பலப்பட வாரக்கணக்காகும் என்கிறார். பட்டையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், இது பச்சை. நாலு தடவை விரிப்பதற்குள் கால் உதறுகிறது.