தைரியமாய் இருங்கோ

கிளிநொச்சியில் உளவளத்துணையாளராகச் சேர்ந்த புதிதில் என் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை 'தைரியமாய் இருங்கோ'. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் அதைக் கேட்காத வீடு இல்லை. முகாமில் சொன்னார்கள், மீளக் குடியேறியபோது சொன்னார்கள், தகரம் கொடுக்க வந்தவர்களும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுச் சனத்துக்குக் காது புளித்திருந்தது.

ஒருநாள் பரந்தன் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன் வாரைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக அரை மணித்தியாலம் இருந்தான். 'நித்திரை வருகுதில்லை அக்கா' என்பதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாம் தடவை வந்தபோதுதான் தனக்குப் பெடியன்களைத்தான் பிடிக்கும் என்றான். அவனுக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் அவனைப் பார்த்துக் கத்தியவை. 'தன்பாலீர்ப்பு' என்று எழுதிக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, 'இது நல்ல தமிழாய் இருக்கு' என்றான்.

அவனுக்கு இரண்டு கேள்விகள். இது வருத்தமா? பொலிஸ் பிடிக்குமா? முதலாவது சுலபம். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டாவதற்குத்தான் இழுத்தேன். தன்பாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவை. 1995இல் திருத்தியவர்கள், நீக்காமல் பெண்களையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். அவற்றை மாற்றுவது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் பிரிவுகள் அப்படியே கிடந்தன.

அப்புறம் நான் ஒரு பிழை விட்டேன். 'அம்மாவிட்ட சொல்லிப் பாருங்கோ, பாரம் குறையும்' என்றேன். அந்த வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகளில் மிஞ்சியது இவன்தான். பெரியண்ணனின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. சின்னண்ணனின் படத்துக்குப் போட அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. இவனுடைய கலியாணத்தை நம்பித்தான் அந்த வீடு இருந்தது. இதையெல்லாம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அம்மா ஏசவில்லையாம். 'நாங்கள் பட்டதை விட இது பெரிசோ?' என்று கேட்டுவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாராம். அவன் நான்கு மாதம் வரவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன்.

இப்போது யாரையும் 'சொல்லு' என்று தள்ளுவதில்லை. சொல்லி அது பிழையாய்ப் போனால் அன்றிரவு எங்கே படுப்பது, வவுனியாவுக்கு பஸ் காசு இருக்கிறதா, அடையாள அட்டை யார் கையில், இதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் மனசுக்கு வருவோம். மீண்டெழும் ஆற்றல் என்று பயிற்சிப் பட்டறைகளில் பெரிதாகச் சொல்வார்கள். அதில் பாதி பஸ் காசு என்பது என் கணக்கு.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பியைப் போல ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். முதல் சனிக்கிழமையே வரவுத்தாள் குழப்பியது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் வேண்டுமாம், நிதி தருபவர்களுக்குக் காட்ட. இதில் யார் கையெழுத்து வைப்பார்கள்? தலைக்கணக்கு மட்டும் போதும் என்று அலுவலகத்தைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் சண்டை பிடித்தேன். நான் செய்ததிலேயே பிரயோசனமான வேலை அதுதான் என்று சிலவேளை தோன்றும்.

அங்கே உளவியல் பேச்சு குறைவு. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர்), பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்காகத் தான் கிளினிக் ஏறி இறங்கிய கதையைச் சொல்வார். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு வந்தது அது. அதைக் காட்டித்தான் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கினால், அங்கே சொந்தக்காரர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒத்திகை தொடங்கிவிடும். ஒருத்தி பெரியம்மாவாகி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, 'எப்ப தம்பி கலியாணம்?' என்பாள். 'முதல்ல வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பூச்சுப் பூசி முடிப்பம் பெரியம்மா' என்ற பதிலுக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிப்பேரின் வீடு இன்னும் பூச்சில்லாமல்தான் நிற்கிறது.

பரந்தன் தம்பியும் இப்போது வருகிறான். 'அம்மா கதைக்கிறா அக்கா, அதைப் பற்றி மட்டும் கதைக்கிறதில்லை' என்றான். போன சனிக்கிழமை பாதியிலேயே எழுந்துவிட்டான். கடை பூட்டமுதல் பாண் வாங்கிவரச் சொல்லி அம்மா போன் எடுத்தாராம்.