எஸ்ரேம்4-க்குக் கேஷ் வேண்டாம்

இயந்திர அதிர்வை அளக்கும் போர்டு ஒன்றுக்கு எஸ்டிஎம்32எச்745 சிப்பில் ஃபர்ம்வேர் எழுதுகிறேன். அதில் இரண்டு கோர்கள். கார்டெக்ஸ்-எம்7 480 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். கார்டெக்ஸ்-எம்4 அதில் பாதி. சென்சாரிலிருந்து சாம்பிள்களை எடுத்து பஃபரில் போடுவது எம்4, அதை வாங்கி எஃப்எஃப்டி (அதிர்வில் கலந்துள்ள அலைவெண்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு) கணக்கிடுவது எம்7. பஃபர் இருக்கும் இடம் எஸ்ரேம்4 என்ற 64 கிலோபைட் நினைவகம்.

எம்7-க்கு 16 கிலோபைட் டேட்டா கேஷ் (நினைவகத்தில் உள்ளதன் நகலைக் கோருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேக நினைவகம்) உண்டு, எம்4-க்குக் கிடையாது. அந்தக் கேஷையும் நினைவகத்தையும் ஒத்துப்போக வைக்க இந்தச் சிப்பில் வன்பொருள் எதுவும் இல்லை. நினைவகத்தின் எந்தப் பகுதியைக் கேஷ் செய்யலாம் என்பதை வகுக்கும் எம்பியூவைத் தொடாமல் டேட்டா கேஷை இயக்கினால் எஸ்ரேம்4-உம் அதற்குள் வந்துவிடும். அப்புறம் எம்7 எழுதிய செட்டிங் கேஷிலேயே தங்க, எம்4 பழையதைப் படிக்கும். எம்4 புது சாம்பிள் போட்டாலும் எம்7 தன்னிடமிருக்கும் பழைய நகலையே கணக்கில் எடுக்கும். நடுவில் ஒரு பிரிண்ட் சேர்த்தால், சில சமயம் கேஷில் இருந்தது வெளியே தள்ளப்பட்டு எல்லாம் சரியாக ஓடுவது போலத் தோன்றும்.

இதற்கு மாறியின் முன் வாலடைல் (ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கச் சொல்லும் குறிச்சொல்) போடச் சொல்வார்கள். அது கம்பைலரை மட்டுமே கட்டுப்படுத்தும். படிக்கும் கட்டளை போய் நிற்பது அதே கேஷில்தான்.

எழுதியபின் கிளீன் (கேஷில் உள்ளதை நினைவகத்துக்கு அனுப்புவது), படிக்கும் முன் இன்வாலிடேட் (கேஷில் உள்ள நகலைத் தூக்கி எறிவது) என்பது அடுத்த வழி. முறையானதுதான், ஆனால் கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டான கேஷ் லைன் 32 பைட். பஃபர் 32-இன் மடங்கில் தொடங்கி அதன் மடங்கிலேயே முடியாவிட்டால், அதே லைனில் எம்7 எழுதிவைத்த பக்கத்து மாறியும் இன்வாலிடேட்டில் காணாமல் போகும். அந்த மாறிக்கும் பஃபருக்கும் கோடில் எந்தத் தொடர்பும் இருக்காது. எங்கே போய்த் தேடுவது? போதாததற்கு, எம்7 தேவைப்படுமுன்பே ஊகித்துப் படித்துக் கேஷில் வைத்துவிடக்கூடியது. அதனால் எம்4-இடம் பஃபரைக் கொடுக்கும்போது செய்த இன்வாலிடேட் மட்டும் போதாது. அது எழுதி முடித்தபின் இன்னொரு முறை செய்ய வேண்டும்.

ஆகவே என் கட்சி இதுதான்: எஸ்ரேம்4 முழுவதையும் எம்பியூவில் கேஷ் இல்லாத சாதாரண நினைவகமாக அறிவித்துவிடுங்கள், டேட்டா கேஷை இயக்குவதற்கு முன்பே. இரு கோர்களும் பகிரும் எல்லாவற்றையும் எது எந்த முகவரியில் அமரும் என்பதை வகுக்கும் லிங்கர் ஸ்கிரிப்டில் தனி செக்‌ஷனாக்கி அங்கே வையுங்கள். கிளீனும் இன்வாலிடேட்டும் கோடு முழுக்கச் சிதறிக் கிடந்தால், ஆறு மாதம் கழித்து அதில் கைவைக்கும் இன்னொருவர் நிச்சயம் ஒன்றைத் தவறவிடுவார்.

வேகம் குறையும் என்பார்கள். குறையும்தான். சாம்பிள்களை ஒரே முறை எம்7-உடன் நேரடியாக இணைந்த டிடிசிஎம் என்ற நினைவகத்துக்குக் காப்பி செய்துவிட்டு எஃப்எஃப்டியை அங்கே ஓட்டுகிறேன். அந்த 128 கிலோபைட் கேஷ் வழியாகவே போவதில்லை, காத்திருப்பும் இல்லை.

கேஷை விலக்கினாலும், எழுதியவை எந்த வரிசையில் மறுபக்கம் போய்ச் சேரும் என்ற வரிசைச் சிக்கல் தீராது. டேட்டாவை எழுதிவிட்டு ஹார்ட்வேர் செமஃபோரை (ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) விடுவிக்கும் முன், நினைவக அணுகல்களின் வரிசையைக் காக்கும் டிஎம்பி கட்டளை ஒன்று வேண்டும். எதிர்ப்பக்கத்திலும், செமஃபோர் கிடைத்தபின் டேட்டாவைத் தொடுமுன் இன்னொன்று.