போனைத் தொடாமலே ஓட்ட முடியும்

குரல் கட்டளை என்றாலே பலருக்கும் வானிலை கேட்பது, பாட்டுப் போடச் சொல்வது, குறும்பாக எதையாவது கேட்டு அது என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பது, இவ்வளவுதான். கொஞ்ச நாள் விளையாடிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. போனைத் திறந்ததில் இருந்து கடைசி வரை விரலே படாமல் குரலால் ஓட்டுகிற வசதி இன்றைக்கு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் காசில்லாமல் கிடைக்கிறது, ஆனால் அது யாருக்கு உயிர்நாடியாக இருக்குமோ அவர்களில் நிறைய பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன். விரல் நடுக்கத்தில் ஒரு எழுத்தை அழுத்தப் போனால் அதே எழுத்து நாலைந்து முறை விழும், இல்லையென்றால் பக்கத்து எழுத்து விழும். மெசேஜ் அனுப்புவதை விட்டார், அப்புறம் அவராக யாரையும் கூப்பிடுவதையும் விட்டார். அவருக்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐபோனில் இருக்கும் சிரி, ஆண்ட்ராய்டில் இருக்கும் கூகுள் அசிஸ்டன்ட் மாதிரியானவை உதவியாளர்கள். "அலாரம் வை", "அம்மாவைக் கூப்பிடு" என்று வேலையைச் சொன்னால் அவை செய்து முடிக்கும், ஆனால் அவற்றுக்குத் தெரிந்த வேலைகளை மட்டும்தான். நான் சொல்ல வருவது வேறு. ஆண்ட்ராய்டில் வாய்ஸ் ஆக்சஸ் என்று ஒரு ஆப், ஐபோனில் வாய்ஸ் கன்ட்ரோல் என்று ஒரு வசதி (2019-ல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 13-ஆம் பதிப்போடு வந்தது, செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் இருக்கும்). இவை விரலுக்குப் பதிலாக நிற்பவை. திரையில் விரலால் எதையெல்லாம் அழுத்த முடியுமோ அதில் பெரும்பாலானதைக் குரலால் அழுத்தலாம், எந்த ஆப் ஆனாலும்.

எப்படி என்றால், "ஷோ நம்பர்ஸ்" என்று சொன்னதும் திரையில் இருக்கிற ஒவ்வொரு பட்டன் மேலும் லிங்க் மேலும் ஒரு சின்ன எண் முளைக்கும். வாட்ஸ்அப் திறந்திருக்கிறது, மேலே இருக்கிற சாட்டில் 7 என்று தெரிகிறது, "டேப் செவன்" என்றால் அது திறந்துவிடும். எழுதும் பெட்டிக்கு ஒரு எண், அனுப்பும் பட்டனுக்கு ஒரு எண். பட்டனின் பெயர் தெரிந்தால் எண்கூட வேண்டாம், "டேப் சென்ட்" போதும். மேப், போட்டோ மாதிரி பட்டனே இல்லாத இடத்தில் "ஷோ கிரிட்" என்று சொன்னால் திரை கட்டம் கட்டமாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் எண் வரும், வேண்டிய இடத்தை அப்படி நெருங்கலாம். எழுதியதில் ஒரு சொல் தப்பாக விழுந்தால் "ரிப்ளேஸ்" என்று தொடங்கி எந்தச் சொல்லுக்குப் பதிலாக எது வர வேண்டும் என்று சொல்லலாம். பெரியப்பா முதலில் கற்றுக்கொண்டது எண்களை மட்டும்தான், அதுவே அவருக்குப் பாதி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கட்டளை முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். எண்ணும், ஸ்க்ரோல் டவுனும், கோ பேக்கும் வந்தால் மற்றது தானாக வரும்.

ஒரு குறை, இந்தக் கட்டளைகள் ஆங்கிலம் போன்ற சில மொழிகளில்தான் இயங்குகின்றன. ஆனால் எழுதுவதற்குத் தமிழ் உண்டு, கூகுள் 2017-லேயே குரல் வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்துவிட்டது. கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசினால் போதும், நீளமான மெசேஜ்களுக்கு நான் இப்போது இதைத்தான் நம்புகிறேன்.

இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். பார்க்கின்சன் விரலோடு நிற்பதில்லை, பலருக்குக் குரலையும் தணித்துவிடும். பெரியப்பா ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார், போனோ மௌனம் வந்ததும் பேசி முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பாதியிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். இதற்கு ஐஓஎஸ் 16-ல் இருந்து ஒரு வழி இருக்கிறது: ஆக்சஸிபிலிட்டியில் சிரிக்குள் போனால், பேசி முடிக்கும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீட்டி வைக்கலாம். அவருக்கு இருப்பதிலேயே நீளமானதை வைத்துக் கொடுத்தேன். குரல் மெலிந்தவர்களுக்கு வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் இயர்போன் ஒன்று மாட்டிவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும், போனை மேசையில் வைத்துக் கத்த வேண்டியதில்லை. பேச்சு ரொம்பவே குழறுகிறவர்களுக்கு 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-ல் வோக்கல் ஷார்ட்கட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அவர்களால் எழுப்ப முடிகிற ஏதோ ஒரு ஒலியைச் சில முறை சொல்லிப் பதிய வைத்து, அதற்கு ஒரு வேலையை ஒப்படைக்கலாம். அகராதியில் இருக்கிற சொல்லாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

போனுக்குப் புரியவில்லை என்றால் தன் உச்சரிப்புதான் தப்பு என்று பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களைச் சோதித்தபோது, அமெரிக்காவின் வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்கு 19 தப்பும், கறுப்பினத்தவர் பேச்சில் 35 தப்பும் வந்தன. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு இந்த நிலை. எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ அந்தக் குரல்தான் அதற்குப் பழக்கம், அவ்வளவுதான் விஷயம். நம் பெயர்கள், முக்கியமாக ழ வருகிற பெயர்கள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். கான்டாக்டில் அந்தப் பெயரைச் சுலபமாகச் சொல்லக்கூடிய செல்லப்பெயராக மாற்றி வையுங்கள், பிரச்சினை அநேகமாகத் தீர்ந்துவிடும்.

வண்டி ஓட்டும்போது மட்டும் கொஞ்சம் நிதானம். கை ஸ்டியரிங்கில் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், ஆனால் யூட்டா பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு ஒன்றில், குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 விநாடி வரை கவனம் முழுதாகச் சாலைக்குத் திரும்பாமல் இருக்கலாம் என்று தெரிந்தது. ஒரு கால் செய்யச் சொல்வது வேறு, மெசேஜை வாசிக்கச் சொல்லிப் பதிலும் எழுதிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவதை நான் செய்வதில்லை.

லாக் ஆன போனில் உதவியாளர் என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் குரலைத் தெரிந்துவைத்திருப்பதாகச் சொன்னாலும் அது பூட்டு ஆகாது, ஒத்த குரலோ பதிவு செய்த குரலோ அதை ஏமாற்றிவிடலாம்.

கடைசியாக ஆப் தயாரிக்கிறவர்களுக்கு ஒன்று. படம் மட்டும் வைத்துப் பட்டன் செய்துவிட்டு அதற்கு உள்ளே ஒரு பெயர் கொடுக்காமல் விடுகிறீர்களே, அங்கேதான் பெயர் சொல்லி அழுத்துவது நின்றுபோகிறது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதியும் அதே இடத்தில் வெறுமனே "பட்டன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஒரே ஒரு வரியில் எழுதி முடிக்கிற வேலை அது. வாய்ஸ் ஆக்சஸை ஆன் செய்துகொண்டு, உங்கள் ஆப்பில் லாகின் முதல் பணம் கட்டுவது வரை குரலாலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள், எங்கே மாட்டுகிறதோ அந்த பட்டனுக்கு அன்றைக்கே பெயர் வைத்துவிடுங்கள்.