தோத்துக்கிட்டே ஜெயிச்ச ஒரு செனட்டர்

ரெண்டு மூணு வாரமா கலிஃபோர்னியாவோட பழைய அரசியலை நோண்டிட்டு இருக்கேன், ஏன்னு கேக்காதீங்க, ஒண்ணைத் தேடப் போய் இன்னொண்ணுல மாட்டிக்கிறது நமக்குப் பழக்கம் தானே. அப்படி சிக்கின ஆளு தான் ஹெச்.எல். ரிச்சர்ட்சன். பில் ரிச்சர்ட்சன்னு சொல்வாங்க. 1967ல இருந்து 22 வருஷம் மாநில செனட்ல உக்காந்திருந்தவர், ரிபப்ளிகன் கட்சி, பக்கா வலதுசாரி, ஜான் பிர்ச் சொசைட்டிங்கிற தீவிர கம்யூனிச எதிர்ப்பு அமைப்போட ஆளுன்னா பாத்துக்கோங்க. அந்த சொசைட்டியை ஆரம்பிச்ச ராபர்ட் வெல்ச், அமெரிக்க அதிபரா இருந்த ஐசனோவரையே கம்யூனிஸ்டுகளோட கையாள்னு எழுதினவர்.

செனட்ல மொத்தமே 40 சீட், முக்கால்வாசி காலம் டெமாக்ரட் கை தான் ஓங்கி இருந்துச்சு. அங்க உக்காந்து இவர் என்ன கத்தினாலும் ஓட்டெடுப்புன்னு வந்தா எடுபடாது. 1974ல அமெரிக்க செனட்டுக்கு நின்னு ஆலன் கிரான்ஸ்டன் கிட்ட படுதோல்வி வேற, வாட்டர்கேட் ஊழல்ல அதிபர் நிக்சன் பதவி விலகின வருஷம், ரிபப்ளிகன் பேரைச் சொன்னாலே ஜனங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட நேரம்.

அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி இவர் விளம்பரத் தொழில்ல இருந்தவர். அதனால சபைக்குள்ள நடக்காததை தபால் பெட்டி வழியா நடத்திக்கலாம்னு பிடிச்சுக்கிட்டார். அதாவது டைரக்ட் மெயில். ஆயிரக்கணக்கான வீட்டுக்கு ஒரு லெட்டர் போகும், முதல் வரியிலயே அடிவயித்துல புளியைக் கரைக்கும், கடைசியில உங்களால முடிஞ்சதை அனுப்புங்கன்னு ஒரு பதில் கவரும் உள்ளயே இருக்கும். முதல் ரவுண்டுல வர்ற பணம் தபால் செலவுக்கே பத்தாம போறது சகஜம், அதைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க, ஏன்னா பத்து டாலரோ இருபது டாலரோ அனுப்பினவன் இருக்கான் பாருங்க, அவன் பேரும் அட்ரஸும் தான் உண்மையான வசூல், அடுத்த லெட்டர் அவனுக்குப் போகும், அதுக்கு அடுத்ததும் அவனுக்கே. எம்எல்ஏ பதவி எலெக்‌ஷனோட போயிடும், லிஸ்ட் போகாது.

1975ல மாநிலத்துல கைத்துப்பாக்கியைத் தடை பண்ற மசோதா வந்ததும் கன் ஓனர்ஸ் ஆஃப் கலிஃபோர்னியாங்கிற துப்பாக்கி வச்சிருக்கிறவங்க அமைப்பை ஆரம்பிச்சார், அடுத்த வருஷமே நாடு பூரா கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இவர் சபைக்குள்ள நுழைஞ்ச அதே 1967, மே 2ந்தேதி, கருஞ்சிறுத்தைகள் (பிளாக் பாந்தர்ங்கிற கறுப்பர் இயக்கம்) ஒரு முப்பது பேர் துப்பாக்கியோட சாக்ரமென்டோ சட்டசபைக்குள்ளயே வந்துட்டாங்க, வெளியே புல்வெளியில கவர்னர் ரீகன் பள்ளிக்கூடப் பசங்களோட சாப்பிட ரெடியா இருந்தாராம். ரோட்டுல லோடு பண்ணின துப்பாக்கியோட நடக்கக் கூடாதுங்கிற மசோதாவை எதிர்த்து தான் வந்தாங்க, அது சட்டமாவே வந்துச்சு. மசோதா கொண்டு வந்தது மல்ஃபோர்ட்னு ஒரு ரிபப்ளிகன், கையெழுத்து ரீகன், நாட்டோட பெரிய துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்ஆர்ஏவும் ஆதரவு! எட்டு ஒம்போது வருஷத்துல காத்து எப்படி மாறிப் போச்சு பாருங்க.

1982 தான் பெரிய ஆட்டம். கைத்துப்பாக்கியை பதிவு பண்ணணும், புதுசா விக்கிறதுக்கும் ஒரு வரம்புன்னு சொன்ன ப்ரொபொசிஷன் 15 மக்கள் ஓட்டுக்கு வந்துச்சு, கிட்டத்தட்ட 63 சதவீதம் வேணாம்னு குத்தினாங்க. அதே நாள் கவர்னர் எலெக்‌ஷன். சர்வேல முன்னாடி இருந்த லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி, ஒரு லட்சத்துக்கும் கம்மியான ஓட்டுல ரிபப்ளிகன் டியூக்மேஜியன் கிட்ட தோத்தார். கறுப்பர்ங்கிறதால ஜனங்க சர்வேல ஒண்ணு சொல்லி பூத்துல ஒண்ணு குத்தினாங்கன்னு ஒரு சாரார், துப்பாக்கிக்காரங்க திரண்டு வந்து குத்திட்டுப் போனது தான் காரணம்னு இன்னொரு சாரார். எனக்கு ரெண்டும் சேர்ந்ததுன்னு தான் படுது.

அடுத்து மாநில உச்ச நீதிமன்றம். அங்க நீதிபதி தொடரலாமா வேணாமான்னு மக்களே ஓட்டுப் போடுவாங்க. தலைமை நீதிபதி ரோஸ் பர்ட், தன் முன்னாடி வந்த 61 மரண தண்டனை கேஸ்லயும் தண்டனை செல்லாதுன்னு ஓட்டுப் போட்டவர். 1978லயே அவரை இறக்க ரிச்சர்ட்சன் குரூப் முட்டி மோதிப் பாத்து மயிரிழையில தப்பவிட்டுச்சு. 1986ல பல பேர் சேந்து தள்ளினதுல அவரோட இன்னும் ரெண்டு நீதிபதிகளும் காலி. காலியான இடத்துக்கு ஆள் போட்டது யாரு, டியூக்மேஜியன். ஒருத்தர் கொண்டு வந்த மசோதா எத்தனை பாஸாச்சுன்னு மட்டும் எண்ணிட்டு இருந்தா இது எதுவுமே கணக்குல வராது.

இவர் ஆரம்பிச்ச அந்த தேசிய அமைப்பை ரொம்ப வருஷம் ஓட்டினதும் வர்ஜீனியாவோட ஒரு முன்னாள் சட்டசபை உறுப்பினர் தான், லாரி பிராட். 1996ல அதிபர் வேட்பாளராக நின்ன பாட் புக்கானனோட பிரச்சாரத்துல பொறுப்புல இருந்தப்ப, வெள்ளை இனவாதிகள் இருந்த கூட்டத்துல கலந்துக்கிட்டது வெளிய வந்து ஒதுங்க வேண்டியதாச்சு. லிஸ்ட் கையில இருந்தா எப்பேர்ப்பட்ட கூட்டமும் ஒட்டிக்கிட்டு வரும்ங்கிறதையும் சொல்லணுமில்ல.

ரிச்சர்ட்சன் 1992ல காங்கிரசுக்கு நின்னு விக் ஃபாசியோ கிட்ட மறுபடி தோத்தார். கவர்னர் நாற்காலியையே ஆட்டிப் பாத்த மனுஷனுக்கு ஒரு காங்கிரஸ் சீட் கிடைக்கல. அப்புறம் உக்காந்து கவ்பாய் நாவல் எழுதினார், 2020 ஜனவரில, 92 வயசுல போய் சேர்ந்தார். நாவல் ஒண்ணாவது தேடிப் படிக்கணும், அதுல வர்ற ஷெரிஃப் யார் கிட்டயாவது லைசென்ஸ் கேக்குறானான்னு பாக்கத் தான்.