உலர்த்தினால் கட்டி தட்டிய நானோ துகள்

என் பிஎச்டி வேலையே, புற்றுநோய் தடுப்பூசிக்கான புரதத்தை நானோ துகளுக்குள் அடைப்பதுதான். துகள் பி.எல்.ஜி.ஏ என்ற பாலிமர். தானாகக் கரையும் தையல் நூலும் இந்த வகைப் பொருள்தான். உள்ளே வைப்பது முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின். அதே புரதத்தைச் சுமக்கும் புற்றுசெல்கள் எலி சோதனைக்குக் கிடைப்பதால், பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவலாளியான டெண்ட்ரிடிக் செல், துகளைக் கிருமியை விழுங்குவது போலவே விழுங்கி, உள்ளிருக்கும் புரதத்தைத் துண்டாக்கி, புற்றுசெல்லைத் தாக்கும் டி செல்லுக்குக் காட்டும். 200 நானோமீட்டரைத் தாண்டிய துகள் பெரும்பாலும் ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும். சிறியது தானாகவே நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேரும். அதனால் அளவில் கோட்டை விடக் கூடாது.

துகள் செய்வது சீக்கிரமே பழகிவிட்டது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்த பாலிமரோடு புரதக் கரைசலைச் சேர்த்து, ஐஸில் வைத்து சோனிகேட்டர் என்ற ஒலியலைக் கருவியால் அடித்தால் பால் மாதிரி வெளுக்கும். அதை, துளிகள் ஒட்டாமல் காக்கும் பி.வி.ஏ கரைசலில் விட்டு மறுபடி அடித்து, ராத்திரி முழுக்கக் கலக்கவிட வேண்டும். கரைப்பான் ஆவியாகிவிடும்.

நாலு மாதம் என்னை அலைக்கழித்தது உறைய வைத்து உலர்த்தும் வேலை. உலர்த்துமுன் 180 நானோமீட்டர். உலர்ந்த பொடியில் தண்ணீர் விட்டு அளந்தால் 900. குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் மணல் மணலாகக் கட்டி. பாலிமரை மாற்றினேன், சென்ட்ரிஃபியூஜ் வேகத்தைக் குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சித்தி கீமோவில் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். விட மனசு வரவில்லை.

ஒருநாள் சீனியர் அக்கா குப்பியைப் பார்த்ததுமே, "சர்க்கரை சேர்த்தியாம்மா?" என்றார். சேர்க்கவில்லை. உறையும்போது வளரும் ஐஸ் படிகங்கள் துகள்களை நெருக்கி ஒட்ட வைத்துவிடுமாம். டிரெஹலோஸ் போன்ற சர்க்கரை இருந்தால், அது நடுவில் கண்ணாடி போல இறுகி அவற்றைப் பிரித்தே வைக்கும். அன்றைக்கே மூன்று அளவுகளில் போட்டுப் பார்த்தேன். 5 சதவீதக் குப்பியில் தண்ணீர் விட்டு மெதுவாகச் சாய்த்ததும், லேசான நீலச் சாயலோடு ஒரே சீராகக் கலங்கியது. அளவு 195. அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சுக்கான சோதனை. இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வாங்கும் ஓவால்புமினிலேயே அந்த நச்சு ஒட்டியிருக்கலாம். அதுவே நோய் எதிர்ப்பைத் தூண்டிவிட, துகள்தான் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். என் முதல் புட்டியில் அது இருந்தது. புரதத்தைச் சுத்தமான ரகமாக மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி செய்து, அதற்கு அடுத்த மாதம்தான் முதல் எலிகளுக்கு ஊசி போட்டோம்.