பென்னிக்சனின் 45 ஆண்டுப் படைப்பணி ஒரே தாளில்: காலக்கோடு போட்ட அனுபவம்

நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ரஷ்யத் தளபதி லெவின் ஆகஸ்ட் வான் பென்னிக்சன், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் 1745-இல் பிறந்தவர். முதலில் ஹனோவர் படையில் இருந்தார். 1773-இல் ரஷ்யப் படையில் சேர்ந்து 1818-இல் ஓய்வு பெற்றார். ஆண்டுக்கு 1 செ.மீ. வைத்தால் இந்த 45 ஆண்டும் 59.4 செ.மீ. நீள ஏ2 தாளில் அடங்கிவிடும். ஓரக்குறிப்புக்கும் இடம் மிஞ்சும். பிறப்பு முதல் 1826-இல் இறந்தது வரை போட்டால் 81 செ.மீ. ஆகிவிடும், அதற்கு ஏ1 தாள்தான் வேண்டும்.

கோடு போடுவதற்கு முன்பே தேதிகளைச் சரி செய்துவிட வேண்டும். பாதி வேலை இதுதான். ரஷ்ய ஆவணங்கள் பழைய ஜூலியன் நாள்காட்டியில் எழுதப்பட்டவை; பிரெஞ்சு, ஜெர்மன் ஆவணங்கள் பெரும்பாலும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன். ஜூலியன் தேதியைப் புதியதாக மாற்ற 1800 பிப்ரவரி வரை 11 நாள் கூட்ட வேண்டும், மார்ச் முதல் 12. எல்லாவற்றுக்கும் 12 கூட்டினால் 1788 டிசம்பர் 6-இல் ரஷ்யரிடம் விழுந்த துருக்கியரின் ஓச்சகோவ் கோட்டை, 17-க்குப் பதில் 18-இல் போய் உட்காரும். இதைவிட மோசமானது, ஏற்கெனவே மாற்றிய தேதியை இன்னொரு முறை மாற்றுவது. 1807 ஜூன் 2 (புதிய கணக்கில் 14) நெப்போலியனிடம் பென்னிக்சன் தோற்ற ஃப்ரீட்லாண்ட் போர் ஜூன் 26-க்குத் தள்ளிப்போகும். 25-ஆம் தேதியே நெப்போலியனும் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தரும் நேமன் ஆற்றுத் தெப்பத்தில் சந்தித்துவிட்டார்கள்! அதனால் பழைய தேதி நீலப் பென்சில், புதியது சிவப்பு. இரண்டையும் அருகருகே எழுதுவதுதான் பாதுகாப்பு.

பதவிகளைக் கோட்டுக்கு மேலே படிக்கட்டாக வரைந்தாயிற்று: 1773 பிரீமியர் மேஜர், 1787 கர்னல், 1794 மேஜர் ஜெனரல், 1798 லெப்டினன்ட் ஜெனரல், 1802 குதிரைப்படை ஜெனரல். 1798-இலேயே பேரரசர் பாவெல் அவரைப் பணியிலிருந்து விலக்கினார். அந்த இடைவெளிக்குப் புள்ளிக்கோடு. 1801 மார்ச்சில் பாவெல் கொல்லப்பட்ட சதியில் பென்னிக்சனும் இருந்தார். அது போர்க்களச் செய்தி இல்லைதான். ஆனால் அதைக் கோட்டுக்குக் கீழே குறிக்காவிட்டால் புள்ளிக்கோடு ஏன் அங்கே முடிகிறது என்று யாருக்கும் புரியாது.

சிக்கலான இடம் 1806–07. புல்துஸ்க், அய்லாவ், ஹைல்ஸ்பர்க், ஃப்ரீட்லாண்ட் ஆகிய நான்கு போர்களும் அரை சென்டிமீட்டருக்குள் நெரிகின்றன. நாளுக்கு 1 மி.மீ. என்று தனிக்கோடு போட்டதும் தெளிவு வந்தது: டிசம்பர் 26 முதல் ஜூன் 14 வரை 170 நாள், 17 செ.மீ. அய்லாவ் 4.3 செ.மீ.யில் வருகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 12 செ.மீ. வெறுமை. அதுதான் குளிர்கால முகாம். அந்த வெறுமையை அழித்துச் சுருக்கக் கூடாது. மே 24-இல் டான்சிக் கோட்டை நகரம் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்ததை அதற்குள் குறித்தால், கோடைக்காலப் போருக்கு நெப்போலியனின் கை எப்படி ஓங்கியது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஃப்ரீட்லாண்டுக்கு ஒரு சிறு வரைபடமும் தேவைப்பட்டது. அல்லே ஆற்றை ரஷ்யப் படைக்கு முன்னால் வரைந்துவிடுவது எளிதில் வரும் பிழை. படை மேற்குக் கரையில் மேற்கு நோக்கி நின்றது, ஆறு முதுகுப்பக்கம். ஊருக்கு வடக்கே ஓர் ஆலை ஓடை அணியை இரண்டாகப் பிளந்தது: தெற்கே தளபதி பக்ரத்தியோனின் படை, வடக்கே தளபதி கர்ச்சகோவின் படை. பாலங்களோ ஊர்ப்பக்கம். பிரெஞ்சு மார்ஷல் நேய் ஊரைப் பிடித்ததும் கர்ச்சகோவுக்குப் பாலம் இல்லை, வடக்கே ஆற்றில் இறங்கு துறை தேடிப் போனார்கள். ஓடை இல்லாத வரைபடத்தில் இந்தத் தோல்வி விளங்கவே விளங்காது.

கோட்டில் இன்னும் குறிக்க வேண்டிய போர்கள்: 1812-க்குப் போரதினோ, தருதினோ, 1813 அக்டோபர் 18-இல் லைப்சிக், பிறகு ஹாம்பர்க் முற்றுகை.