ஃபியஸ்டாவும் நாலு சைக்கிள் கம்பியும்

இரவு வேலைக்குப் போகிறவனுக்கு லண்டனில் கார் ஆடம்பரம் இல்லை. எனக்கு ஈஸ்ட்ஹாமில் அறை. வேலை எசெக்ஸ் பக்கத்தில், பெருந்தெருவோரப் பெற்றோல் செட் ஒன்றில், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் போகும் பஸ் கிடையாது. முதலில் இன்னொரு தமிழ்ப் பொடியன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவான். அவனுக்குப் பகல் வேலை கிடைத்ததும் என் பாடு திண்டாட்டம்.

இலங்கை லைசென்சை வைத்துக்கொண்டு இங்கே 12 மாதம் ஓடலாம். அவுஸ்திரேலியாக்காரனோ யப்பான்காரனோ என்றால் தன் லைசென்சைக் கொடுத்து இங்கத்தையதை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. தியறி, பிராக்டிகல் இரண்டையும் புதிதாகப் பாஸ் பண்ணவேண்டும். ஊரில் லொறி ஓடினவரும் இங்கே 'எல்' போர்டு மாட்டித்தான் தொடங்குவார். நல்லவேளை, இங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான். கனடாவுக்குப் போன என் மச்சான் கன நாளாகக் கியரைத் தேடிக் கதவுப் பக்கம் கையை விட்டுக்கொண்டிருந்தானாம்.

நான் வாங்கியது 1999ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபியஸ்டா, மூன்றாம் கை. ஈஸ்ட்ஹாமிலிருந்து சில மைல் தள்ளித்தான் டாகன்ஹாம். 1931இல் தொடங்கிய அந்த ஃபோர்டு தொழிற்சாலை கடைசிக் காரை வெளியே விட்டது 2002 பெப்ரவரியில். அந்தக் கடைசிக் காரும் ஒரு ஃபியஸ்டாதான். இப்போது அங்கே எஞ்சின் மட்டும் செய்கிறார்கள். எனக்கு முதல் இருந்தவர் யாரோ ஐரிஷ் பாட்டுக் கேசட் ஒன்றைக் கார் றேடியோவில் போட்டு, அது உள்ளே சிக்கி, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். கேசட் வடிவத்தில் ஒரு அடப்டர் வருமே, அதைச் செருகிப் போனைக் கொழுவலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விடிய ஆறு மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில், ஏ13 வீதியில் என்னை விழித்திருக்க வைக்கத் தமிழில் ஏதாவது வேண்டும். இளையராஜாவோ பட்டிமன்றமோ, எதுவானாலும் சரி. யூஎஸ்பி போடக்கூடிய றேடியோ செட் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

இங்கே வந்து இறங்குகிறவனுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் முதல் புத்திமதி, "கை வைக்காதை." பொயிலர் நின்றுவிட்டதா, கை வைக்காதை. பிளக் பொயின்ற் ஆடுகிறதா, கை வைக்காதை. இதில் பாதி நியாயம். காஸ் வேலை என்றால் காஸ் சேஃப் பதிவு உள்ளவன்தான் தொடலாம், அது சட்டம். 2009க்கு முதல் கோர்கி என்று இருந்தது. பெயர் மாறியதே தவிர விதி மாறவில்லை. குளியலறை மின்சார வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. மிச்சப் பாதி சட்டமில்லை, வெறும் பயம். வாடகை வீடு, வழக்கு முடியாத விசா, ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தெரியாமை எல்லாம் சேர்ந்து ஆணி அடிக்கக்கூட ஆளைக் கூப்பிட வைத்துவிடும். எந்தச் சாமானைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெளிவாவதற்குள் பலருக்கு இங்கே தலை நரைத்துவிடுகிறது. கார் றேடியோவைக் கழற்ற யாருடைய பதிவும் தேவையில்லை. கராஜில் கேட்டால், செட் விலையைவிடப் பூட்டுகூலி கூட.

இத்தனைக்கும் நாங்கள் யார்? 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பற்றரியும் பெற்றோலும் தடைப்பட்ட சாமான்கள். மின்சாரம் இல்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். போகிற வழியெல்லாம் வெள்ளைப் புகை. றேடியோ கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, யாராவது ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் ஏசி. றேடியோவுக்கு வேண்டியது டிசி. நடுவில் ஒரு டயோட்டை வைத்துச் சரிக்கட்டுவோம். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கீழே இறங்கும், சுற்றுகிறவனுக்கு முதுகில் ஒரு தட்டு விழும். வெரித்தாஸ், பிபிசி தமிழோசை எல்லாம் அப்படிக் கேட்டதுதான். சுற்றினது பெரும்பாலும் நான்தான். வீட்டில் கடைக்குட்டி என்றால் வேறு என்ன வேலை.

செட்டை வாங்கினது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைக் கொண்டுவந்து காரில் இருந்து பார்க்கிறேன், பழைய றேடியோவில் ஒரு ஸ்குறூவும் இல்லை. முகப்பில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஆக நாலு சின்ன வட்ட ஓட்டைகள் மட்டும். 'ப' வடிவக் கம்பித் திறப்பு இரண்டை அதற்குள் விட்டு இழுத்தால் வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தத் திறப்பு ஹால்ஃபோர்ட்ஸ் என்கிற கார்ச் சாமான் கடையில் சில பவுணுக்கு விற்கும். ஆனால் நேரம் பின்னேரம் ஐந்து தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம், 1994ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் ஹைஸ்ட்ரீட் நோர்த் தமிழ்க் கடைகள் இரவு வரை திறந்திருக்கும்தான். அங்கே முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கிடைக்கும், றேடியோத் திறப்பு கிடைக்காது.

உடுப்புக் கொழுவிக் கம்பியை வெட்டிப் பார்த்தேன். மெதுக் கம்பி. ஓட்டைக்குள் போய் முட்டினதும் உள்ளேயே வளைந்துகொள்கிறது. பின்வளவில், முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. சில்லுக் கம்பி 2 மில்லிமீற்றர்தான், ஆனால் உருக்கு. சும்மா வளையாது, வளைத்தபின் நிமிரவும் நிமிராது. குறட்டால் நாலு கம்பியை நறுக்கி, நுனியை முன்வாசல் சீமெந்துப் படியில் தேய்த்து மழுக்கினேன். மற்ற முனையை விரல் கொழுவி இழுக்கத் தோதாகக் கொக்கிபோல மடித்தேன். நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அரத்தால் ஒரு சின்ன வெட்டும் போட்டேன், உள்ளே எதிலாவது பிடிக்கட்டும் என்று.

அதற்கு முதல் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது: றேடியோவின் கோட் எண் கைவசம் இருக்கிறதா என்று பார்ப்பது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே கார் கண்ணாடியை உடைத்து றேடியோ களவெடுப்பது பெரிய தொழிலாக இருந்ததால், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இரகசிய எண் கேட்கும்படி றேடியோக்களைச் செய்தார்கள். பிழையான எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூட்டிக்கொண்டுவிடும். நான் பழையதைத் திரும்பப் போடப்போவதில்லை என்றாலும், காரை விற்கும்போது கேட்பார்கள். என்னுடைய கோட் கார்ப் புத்தகத்தின் பின்னட்டையில் பேனையால் எழுதியிருந்தது. பிறகு பொனட்டைத் திறந்து, 10 மில்லிமீற்றர் சாவியால் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டேன்.

மேல்மாடியில் என்னோடு இருந்த பொடியன் ஒருவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அப்போதுதான் வெளியே வந்தான். அவனுக்கு அகதி வழக்கு அப்பீலில் இருந்தது. முன்சீற்றில் குனிந்து, கையில் கூர்க் கம்பியோடு றேடியோவை நோண்டிக்கொண்டிருக்கும் என்னைக் கண்டதும் அவனுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணை, என்ன செய்யிறியள்? ஆராவது பொலிசுக்கு அடிச்சா?"

"என்ர கார்தானேடா."

"உங்கட கார் எண்டு நெற்றியில எழுதியே கிடக்கு? பொலிஸ் வந்தா உங்களை மட்டுமே கேப்பாங்கள்? வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள் எண்டும் கேப்பாங்கள்."

அவன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. களவெடுக்கும் நோக்கத்தோடு கருவியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே திரிந்தாலே குற்றம், மூன்று வருடம் வரை உள்ளே போடலாம். நோக்கம் இருந்தால்தானே என்று வாதாடலாம்தான். ஆனால் வழக்கு முடியாதவனுக்கு வாதாடுகிற நிலைமைக்கு வருவதே பயம். உள்ளே போய் காரின் பதிவுப் பத்திரமான வி5 புத்தகத்தை எடுத்துவந்து டாஷ்போர்டின் மேல் விரித்து வைத்தேன். தம்பி வீட்டுக்குள் போய், கதவைப் பூட்டாமல், ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் பயந்ததுபோலவே ஒருவர் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் வயதான வெள்ளைக்காரர், நாயோடு. ஒரு தரம் கடந்து போனார், திரும்பி வந்தார், நின்றார். "உன்னுடையதா?" என்றார். வி5ஐக் காட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து கம்பியைத்தான் பார்த்தார். டாகன்ஹாம் எஞ்சின் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவராம். அப்படியானால் இதன் சூட்சுமம் தெரிந்திருக்குமே என்று கேட்டேன். றேடியோவைப் பற்றித் தனக்கு ஒரு இழவும் தெரியாது என்று சொல்லிவிட்டு, போய் ரோர்ச் லைட் ஒன்றைக் கொண்டுவந்து பிடித்தார். அது போதுமாக இருந்தது.

வெளிச்சம் சரிந்து விழுந்தபோதுதான் ஓட்டைக்குள் இருப்பது தெரிந்தது. றேடியோ ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கிறது. றேடியோவின் இரண்டு விலாவிலும் வில்போன்ற உருக்குத் தகடு, அது கூட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பி அந்தத் தகட்டை உள்பக்கம் அமத்தினால் பிடி விடும். அப்படியென்றால் கம்பியை நேரே இழுத்துப் பயனில்லை. கம்பியின் தலையை வெளிப்பக்கம், கதவை நோக்கி அகட்டினால்தான் அதன் நுனி உள்பக்கம் திரும்பித் தகட்டை அமத்தும். நாலு கம்பியையும் 5 சென்ரிமீற்றர் அளவுக்குத் தள்ளினேன். இடப்பக்கம் 'டிக்' என்றது. வலப்பக்கம் சத்தமே இல்லை. கம்பியைக் கொஞ்சம் சுழற்றி, போட்ட வெட்டு தகட்டில் பிடிக்கிறதா என்று தடவிப் பார்த்து, திரும்பத் தள்ள அதுவும் 'டிக்.' இரண்டு பக்கத்தையும் அகட்டிப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். பத்து வருடத் தூசியோடு, இழுக்க மனமில்லாத லாச்சிபோல அது வெளியே வந்தது. கிழவர் நாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பின்பக்கம் ஏரியல் வயரின் தடித்த பிளக் ஒன்று, வயர்க் கொத்துப் பிளக்குகள் இரண்டு. ஃபோர்டின் பிளக்கும் புதிய செட்டின் பிளக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, இடையில் ஒரு மாற்று வயர் வேண்டும். அதைச் செட்டோடு சேர்த்தே வாங்கியிருந்தேன், கடைக்காரப் பெண் கேட்டுத் தந்தது. புதிய செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு திறப்பைத் திருப்பினால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் செட் பாடும், ஆனால் காரை நிறுத்தினதும் மணிக்கூட்டையும் ஸ்டேஷன்களையும் மறந்துவிடும். ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நாலு சோடி; கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறினாலும் பாட்டில் அடிக்கட்டை இருக்காது. தபேலா எங்கேயோ தகர டப்பாவுக்குள் வாசிப்பது மாதிரி இருக்கும். சந்தேகம் என்றால் ரோர்ச் பற்றரி ஒன்றை ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். பிளஸ் பிளஸில் பட்டால் கடதாசிக் கூம்பு வெளியே துள்ளும், மாறிப் பட்டால் உள்ளே இழுக்கும். இது ஊரில் கோயில் ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணையிடம் கற்றது.

எல்லாம் மாட்டி, பற்றரி வயரைப் பூட்டி, பாட்டு வந்ததும் தம்பி கீழே இறங்கி வந்து பின்சீற்றில் ஏறி இருந்துகொண்டான். வழக்குப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. "அண்ணை, இதில நேயர் விருப்பம் இருக்கே?" என்று பகிடி வேறு. சிக்கின கேசட்டைக் கிழவர் கேட்டார். பழைய செட்டின் மூடியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். இன்சூரன்ஸ்காரருக்கும் போனில் சொல்லிவைத்தேன். றேடியோ என்றதும் குறிப்பெடுத்தார்கள், தொகை கூடவில்லை. இங்கே சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. கம்பிகளை மட்டும் காரில் வைத்திருப்பதில்லை, 25ஆம் பிரிவை நினைத்துக் குசினி லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

பெற்றோல் செட்டில் கதை பரவிவிட்டது. ஃபோர்டு வைத்திருக்கிற பொடியளெல்லாம் செட்டும் கையுமாக வரத் தொடங்கினார்கள். ஆளுக்குப் பத்துப் பவுண் வாங்கலாம் என்றான் தம்பி, தானே கணக்குப்பிள்ளை என்றும் சொல்லிக்கொண்டான். நான் சோறும் கறியும் என்று நிறுத்திக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம் ஒருவன் ஃபொக்ஸ்வாகன் கோல்ஃபோடு வந்து நின்றான். அதில் வட்ட ஓட்டை இல்லை, மெல்லிய கீறல்தான். சைக்கிள் கம்பி போகாது, தட்டைத் தகடு வேண்டும். இரும்பறுக்கும் வாளின் அலகைத் தேய்த்து நுனியில் வெட்டுப் போட்டால் செய்யலாம், அரை நாள் வேலை.

"அப்ப செய்வமே அண்ணை?" என்றான், குந்துவதற்கு இடம் பார்த்தபடி.

"இண்டைக்குச் சனிக்கிழமை," என்றேன். "கடை எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். போய் வாங்கிக்கொண்டு வா."